அரிசிக்கு இந்த ஊர், ரிவால்வருக்கு அந்த ஊர்

12.3.84, திங்கள், கடத்தூர்

இன்றைக்கும் தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். சிக்மகளூர் எஸ்டேட்டில் கூலிப் பணம் கொண்டுபோகிற வேலைக்காக எடுத்த ரிவால்வர் லைசென்ஸ், கர்நாடகாவுக்குள் மட்டும்தான் செல்லும். இந்த மாசக் கடைசியோடு அதுவும் முடிகிறது. இங்கே குடிவந்துவிட்டதால், இந்த ஜில்லாவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்றுதான் அலைகிறேன்.

"ஆட்சேபணை இல்லைன்னு அங்க எழுதி வாங்கிட்டு வாங்க" என்கிறார் கிளார்க். அங்கே போன வாரமே போய்க் கேட்டாயிற்று. ரேஷன் கார்டை சரண்டர் செய்துவிட்டுப் போனவர் எங்கள் ஊர் ஆள் இல்லை என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை நின்றுபோகுமே என்று முதல் வேலையாகக் கார்டை மாற்றினது என் மடத்தனம்.

இன்றைக்கு அந்தப் புதுக் கார்டையே கிளார்க்கிடம் நீட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது அரிசிக்குங்க. துப்பாக்கிக்கு இல்லீங்க."

சனியன் ஒழியட்டும், ஒப்படைத்துவிடலாம் என்று சாயங்காலம் ரிவால்வரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். "வெளி ஸ்டேட் லைசென்சுங்க, நாங்க வாங்க முடியாது. வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார் ஏட்டு.

எல்லாவற்றையும் கேட்ட என் மனைவி ஸ்டெல்லா அதை வாங்கி அரிசி டின்னுக்குள் புதைத்தாள். "அரிசிதானுங்களே இந்த ஊர்ல செல்லுது, அதோடயே கெடக்கட்டும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒண்ணாந்தேதி விடிந்தால் அது கள்ளத் துப்பாக்கி. அன்றைக்கு அதே ஏட்டு வீடு தேடி வந்து எடுத்துக்கொள்வார், என்னையும் சேர்த்து.