தேதி எழுதாத சீசா

இன்று காலை உங்கள் அறையைப் பெருக்கிவிட்டு வந்த முனியம்மா, ஜன்னலோரம் இருக்கும் பழுப்புச் சீசாவைத் தேன் ஊற்றி வைக்கக் கேட்டாள். கழுத்தில் சர்க்கரை மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கிறதாம்.

“ரெண்டு வாட்டி திருகிப் பாத்தேம்மா, வரல. துணி சுத்தி இன்னொரு வாட்டி பாக்கட்டா?”

வேண்டாம் என்றேன். அவள் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனேன். நான் யார் கையையும் பிடிப்பவள் இல்லை. அதிலேயே அவள் பயந்துவிட்டாள்.

நீங்கள் போன பிறகு, இந்த ஐந்து வருடங்களில் அந்த அறைக்குள் நான் நுழைந்ததில்லை. இன்று வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈதர். பாதிக்கு மேல் வற்றியிருக்கிறது. லேபிள் இல்லை.

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று இந்த மலைக்கு வந்தும் உங்களை வேதியியல் விடவில்லை. துளி பல்லேடியத்தைச் சேர்த்து, கார்பன் சங்கிலியின் இரு முனைகளையும் வளையமாக இணைப்பீர்கள். விளைந்ததை ஈதரில் பிரித்தெடுத்து, கடைசியில் மிஞ்சும் பொடியைப் புறஊதா விளக்கின் கீழே வைத்து என்னைக் கூப்பிடுவீர்கள். சாம்பல் போலிருந்தது நீலமாக ஒளிரும்.

லேபிள் என் வேலை. பெயர், திறந்த தேதி. ஈதருக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொன்னதும் நீங்கள்தான். “தொறந்து வருஷக்கணக்கா கெடந்தா கழுத்துல உப்பு பூக்கும். அப்புறம் மூடியத் தொடவே கூடாது. உரசினாலே வெடிச்சிடும்.” ஓர் எழுத்து கோணினாலும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். “மதர் சுப்பீரியர் பாஸ் பண்ணிட்டாங்க” என்று, கன்னிமாடத் தலைவி மாதிரியான என் கண்டிப்பைச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

உங்கள் பழைய மாணவர் ஒருவர் வந்து அலமாரியின் ஒழுங்கைப் புகழ்ந்தார். “இவங்களுக்குக் கெமிஸ்ட்ரியெல்லாம் தெரியாது. ஒட்டற வேலை மட்டுந்தான்” என்றீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். அவர் போனதும், இனி உங்கள் சீசாவுக்கு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் ஒரு புதுச் சீசாவைத் திறந்துவிட்டு, பேனாவோடு சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள்.

“தேதி மட்டும் போட்டுக் குடேன்.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை. நீங்களும் எழுதவில்லை, நான் இறங்கி வருவேன் என்று காத்திருந்தீர்கள் போலும். மூன்றாம் நாள், ஆலங்காயம் போகிற பஸ்ஸில் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டேன். வேலூரிலிருந்து வெடிகுண்டு அகற்றும் ஆட்கள் வர வேண்டுமாம். மலைப்பாதை, நேரமாகும் என்றார்கள். அக்கம்பக்கத்தாரையெல்லாம் சாலைக்கு அப்பால், புளியமரத்தடிக்கு அழைத்து வந்திருக்கிறேன். முனியம்மா தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“ஐயா வச்சிட்டுப் போனதாம்மா அது?”

“இல்ல. நான் வெச்சது” என்றேன்.

வெயில் இப்போது உங்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டது. கைப்பையில் ஒரு லேபிள் கிடந்தது. எழுதிவிட்டேன். ஈதர். திறந்த தேதி. அதை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒட்டத்தான் முடியாது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டிருக்கிறேன். அதன் பசை என் கையில் பிடித்துக்கொண்டது.