பிரிக்காத பீடிக் கட்டு

ஜூன் 3

மொட்டை பாவா, உன் தம்பி தறி இன்றைக்கும் நின்று நின்றுதான் ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் கேட்கும், நிற்கும். துளசிங்கம் கொல்லைக்கு ஓடுவான். எங்கே என்றால், "பீடிக்குப் போறேன் அண்ணி" என்கிறான். கிட்டே போய் நின்றேன். பீடி நாற்றமே இல்லை.

நீயும் இப்படித்தானே சொல்லிக்கினு போவே.

ஜூன் 4

துளசிங்கம் பெண்டாட்டி காஞ்சனாவைக் கேட்டேன். அவள் புருஷன் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போகிறானாம். போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தானாம்.

ஜூன் 9

தூக்கம் வரவில்லை. மூத்திரம் அடைத்து அடைத்துத்தான் உன் கிட்னி போனது, முன்னமே வந்திருந்தால் லேசரில் சரி செய்திருப்போம் என்று கடைசியில் உன்னைப் பார்த்த டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. நீ வருஷா வருஷம் திருத்தணி மலையேறி மொட்டை போட்டாய். முருகன் முடியை வாங்கிக்கொண்டான். மூத்திரம் அவன் டிபார்ட்மெண்ட் இல்லை போல.

ஜூன் 14

உன் காரியம் முடிந்து தறிக்குழியைக் கூட்டியபோது கிடைத்த, நீ பிரிக்காமலே வைத்திருந்த பீடிக் கட்டை இன்றைக்குத்தான் பிரித்தேன். ஒன்றை எடுத்து, காஞ்சனா எதிரிலேயே துளசிங்கத்திடம் நீட்டினேன். என் முன்னாடி குடி என்றேன்.

ஒரு இழுப்புதான். இருமல் வந்தது. இருமிய இருமலில் லுங்கி நனைந்துவிட்டது. மூன்று பேரும் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை.

"உங்க அண்ணனும் இப்டிதான் செத்தான். கெளம்பு" என்றேன்.

ஜூன் 20

வேலூரில் காட்டினோம். மூத்திரப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி வீங்கி வழியை அடைக்கிறதாம். மூத்திரம் வரும் வழியாகவே லேசரை விட்டு எடுத்துவிடுவார்களாம், வெளியே கத்தி படாதாம். இவன் கண்டதெல்லாம் தெப்பத் திருவிழாவில் அடித்த பச்சை லேசர் லைட்டுதான். அதை அங்கே அடித்தால் வெந்துபோகும் என்கிறான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, ஆம்பளைத்தனம் போய்விடும் என்று பஸ் ஏறப் பார்த்தான்.

காஞ்சனா கையைப் பிடித்து இழுத்தாள். "இருந்து இன்னாத்தக் கிழிச்ச? நீ உசுரோட இரு, போதும்."

சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் திரும்ப உள்ளே போனான்.

ஜூன் 27

ஆபரேஷன் முடிந்தது. குழாயும் பையுமாகப் படுத்திருக்கிறான். பையில் சிவப்பைப் பார்த்து, "செத்துட்டேன் அண்ணி" என்கிறான். கொஞ்ச நாள் அப்படித்தான் வருமாம். செத்தவனைப் பார்த்தவள் நான், நீ பேசாமல் படு என்றேன்.

ஆகஸ்ட் 6

காலையிலிருந்து தறி ஓடுகிறது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். நிற்கவேயில்லை. சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது.

சந்தோஷம்தான். ஆனாலும் வயிறு எரியுது பாவா.

பீடியே குடிக்காத ஆளு நீ, பீடி குடிக்கிறேன்னு என்கிட்ட எதுக்கு அத்தனை வருஷம் திட்டு வாங்கினே?