தாரணி கை தூக்கினாள்

என் அன்புக்குரிய என்னங்க,

கடிதத்தைப் பெயர் எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பார்கள். உயிரோடு இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது போய் என்ன புதிதாக? "என்னங்க" என்றால் எந்த வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்களே, அப்படித் திரும்பி இதைக் கேளுங்கள். உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இங்கே பூதலூருக்குப் பக்கத்திலேயே, காது கேட்கிற பிள்ளைகள் படிக்கிற சாதாரணப் பள்ளிக்கூடத்தில்.

உடனே மீசையைத் தடவிக்கொண்டு "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நீங்கள் சொன்னபடி நடக்கவில்லை. நடுவில் நான் உங்கள் பேச்சை மீறினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஓட்டுகிற அறுவடை மெஷின் வாசலில் உறுமிக்கொண்டு வந்து நின்றது, தூளியில் கிடந்த பிள்ளை அசையவே இல்லை. எனக்கு அன்றைக்கே சந்தேகம் தட்டியது. பிறகு டாக்டர், பரிசோதனை, காது மெஷின் எல்லாம் ஆயிற்று. மெஷினைப் போட்டால் ஏதோ இரைச்சல் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. நான் அழுதுகொண்டே கிடந்தேன். நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "வண்டி மேல ஏறிட்டா நானும் செவிடுதான் புள்ள. நான் பொழைக்கல?" என்றீர்கள்.

உண்மைதான். அந்த மெஷின் ஓடும்போது மேலே இருப்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் எல்லாமே கைப்பேச்சுதான். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் திருப்பு. தலைக்கு மேல் இரண்டு கையாலும் குவியல் போட்டுக் காட்டினால், நெல் தொட்டி நிறைந்துவிட்டது, டிராக்டரைக் கொண்டு வா. அத்தனையையும் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். அவள் சோறு போதும் என்றால் தலைக்கு மேல் நெல்லைக் குவிப்பாள். தெருவே சிரிக்கும், உங்களுக்கோ பெருமை தாங்காது.

ஆனால் பள்ளிக்கூடம் என்று வந்தபோது நாம் போட்ட சண்டை இருக்கிறதே. தஞ்சாவூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியைப் பார்க்கப் போனோம். மரத்தடியில் பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எதையோ சொன்னாள், சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் கண்ணில் பட்டது அந்தச் சிரிப்பு. உங்கள் கண்ணில் பட்டது எல்லார் காதிலும் இருந்த மெஷின். வீட்டுக்கு வந்ததும் சொன்னீர்கள். "தனியா ஒதுக்கி வைக்க எம் பொண்ணு என்ன தப்பு பண்ணா? ஊர்ப் புள்ளைங்களோட படிக்கட்டும்."

நீங்கள் சொன்னதில் அன்பு இருந்தது. அதனால்தான் என்னால் எதிர்த்து நிற்க முடியவில்லை. ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்தோம். டீச்சரும் நல்லவர், முன் பெஞ்சில் உட்கார வைத்தார். காலையில் எல்லாரும் பாடினால் தாரணியும் வாயசைப்பாள். எல்லாரும் சிரித்தால் சிரிப்பாள். எல்லாரும் எழுந்தால் எழுவாள். "நல்லாப் பழகிட்டா" என்று டீக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நானும் நம்பினேன்.

அவள் நான்காவது படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனவர் நீங்கள், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

மறு வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள், மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். வகுப்புக்கு வெளியே சில பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு தாரணியும் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டீச்சரைக் கேட்டேன். "வீட்டுப்பாடம் எழுதாதவங்க கை தூக்குங்கன்னு சொன்னேங்க. தாரணியும் தூக்கினா" என்றார்.

"நேத்து ராத்திரி நான் பக்கத்துல உக்காந்துதாங்க எழுத வச்சேன்" என்றேன். பையைத் திறந்து பார்த்தோம், எழுதியது அப்படியே இருந்தது. டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. அவரை என்ன குறை சொல்ல? நாலு பேர் கை தூக்கினார்கள், இவளும் தூக்கினாள், அவ்வளவுதான். எதற்குத் தூக்கினோம், எதற்கு வெளியே நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கிறாள். இதைத்தான் நாம் பழகிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். உங்கள் அண்ணன் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். "தம்பி ஆசப்பட்டது இந்தப் பள்ளிக்கூடம். அவன் கண்ண மூடுனதும் மாத்துறியே, நல்லாருக்கா?"

"அவரு ஆசப்பட்டது பொண்ணு எல்லாரோடயும் இருக்கணும்னு, மாமா. இப்ப அவ யாரோடயும் இல்ல" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரிடம் அப்படி எதிர்த்துப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை.

தஞ்சாவூர்ப் பள்ளியில் முதல் நாள், மதியச் சாப்பாட்டு நேரம் வரை நானும் கூடவே இருந்தேன். இன்னும் கொஞ்சம் சோறு வைக்க வந்த டீச்சரிடம், தாரணி தலைக்கு மேல் இரண்டு கையாலும் குவியல் போட்டுக் காட்டினாள். டீச்சர் முழித்தார். "இது எந்த ஊர் சைகைங்க?" என்று என்னைக் கேட்டார். வண்டி, வயல், தொட்டி, நீங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை மற்றப் பிள்ளைகளுக்குக் கையால் எடுத்துச் சொன்னார். அத்தனை பேரும் உடனே தலைக்கு மேல் நெல்லைக் குவித்தார்கள்.

கேளுங்கள், இன்றைக்கும் அந்தப் பள்ளியில் சாம்பார் போதும் என்றால் அப்படித்தான் காட்டுகிறார்கள். உங்களைப் பார்த்தே இராத பிள்ளைகள்.

சின்ன வகுப்புப் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். தினமும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் அவள் படித்த சைகையை எனக்குச் சொல்லிக் கொடுப்பாள். எனக்கு விரல் மடங்காது, தலையில் அடித்துக்கொள்வாள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். முதலில் கூசினேன், பிறகு பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் ரயிலில் திடீரென்று, "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று கையால் கேட்டாள்.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. சாவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள், அவளும் அழுதாள். அவளுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். சொன்னவர் யார்? எந்த மொழியில் சொன்னோம்? எனக்குத் தெரிந்த கொஞ்சம் சைகையை வைத்துக்கொண்டு, நெஞ்சைத் தொட்டு, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். இறங்கும்வரை என் மடியில் படுத்துக்கொண்டே வந்தாள். அவள் உங்களுக்காக அழுதது அன்றைக்குத்தான். அந்தக் கேள்வி ஒன்றுக்காகவே நான் பள்ளியை மாற்றியது சரி என்பேன். நீங்கள் இருந்திருந்தால் மறுப்பீர்களா?

அந்தப் பள்ளி பத்தாம் வகுப்பு வரைதான். நன்றாகப் பாஸ் செய்தாள். மேலே படிக்க வெளியூரில் இதேபோல் விடுதியோடு ஒரு பள்ளி இருந்தது. அங்கேயே போகட்டும் என்று நான் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன். மகாராணி கையைக் கட்டிக்கொண்டு முறைத்தாள். பக்கத்தில் இருக்கிற சாதாரணப் பள்ளிக்குத்தான் போவாளாம்.

"அங்க யாருக்கும் கைப்பேச்சு தெரியாதே" என்றேன்.

"உனக்கும்தான் தெரியாம இருந்துச்சு. நாந்தான சொல்லிக் குடுத்தேன்" என்று கையாலேயே என் வாயை அடைத்தாள். உங்கள் வாய் அப்படியே கையில் இறங்கியிருக்கிறது.

சேரப் போன அன்று அவளே தலைமையாசிரியருக்கு எழுதிக் காட்டினாள். முக்கியமானதை போர்டில் எழுத வேண்டும், அவளைப் பார்த்துப் பேச வேண்டும், புரியவில்லை என்றால் கேட்பாள், கோபப்படக் கூடாது. நான் வாய் பிளந்து நின்றேன். உங்கள் அண்ணன் ஊரெல்லாம் "தம்பி சொன்னதுதான் கடைசில நடந்துச்சு" என்கிறார். போகட்டும், அவருக்கும் ஒரு சந்தோஷம் வேண்டுமே.

போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பழைய பயம். இங்கேயும் வாயசைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ என்று. கணக்குப்பதிவியல் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பாடம் முடிச்சதும், புரியாதவங்க கை தூக்குங்கன்னு சொல்லி, அதையே போர்டுலயும் எழுதினேங்க. எப்பவும் ஒருத்தரும் தூக்க மாட்டாங்க. தாரணி மட்டும் தூக்கினா. அவ தூக்குறதப் பாத்துட்டு பின்னாடி ஒவ்வொரு கையா வருதுங்க. பாதி வகுப்புக்குப் புரியலன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வராண்டாவில் நின்று நன்றாக அழுதேன். அன்றைக்கு மற்றவர்களைப் பார்த்துக் கை தூக்கிய பிள்ளை அது. இன்றைக்கு அவளைப் பார்த்துத் தூக்குகிறார்கள்.

மணி அடித்ததும் வந்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். பதில் சொல்ல நான் படித்த சைகை ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிக் குவியல் போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூட வாசலில், அத்தனை பேருக்கு நடுவில். அவளுக்குப் புரிந்தது. அவளும் குவித்துக் காட்டினாள்.

இனி எந்தப் படிப்பு, எந்த ஊர் என்றாலும் முதலில் அவளைத்தான் கேட்பேன். உங்கள் ஆசையையும் என் பயத்தையும் அதற்கப்புறம்தான் பார்ப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. தொட்டி நிறைஞ்சிடுச்சுங்க.

என்றும் உங்கள் மனைவி,
நம் தாரணியின் அம்மா,
மல்லிகா