சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம்

ஐப்பசி, வியாழன். விடாத மழை.

இன்று என் டீசல் வான் புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது. டீசல் புகையின் அளவைக் கட்டங்கட்டமாக இறுக்கி வருகிறார்கள் என்று எனக்கும் தெரியும். எந்தக் கட்டம் வந்தாலும் இது தாண்டும் என்று சொல்லித்தான் என் மனைவியின் தமையன் ரகு இதை எனக்கு விற்றான்.

சோதித்த பொடியன் குழாயைக் கழற்றிக்கொண்டே, "அண்ணை, அடுத்த கட்டத்திலை இது தப்பாது எண்டு போன வருசமே பழைய ஆளிட்டைச் சொன்னனான்," என்றான். பழைய ஆள் ரகுதான்.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் கத்தினேன். "உன்ரை அண்ணன் தெரிஞ்சுகொண்டே என்ரை தலையிலை கட்டிப்போட்டான்!"

அவள் தேநீரை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "சத்தம் போடாதேங்கோ. அண்ணை விக்க முன்னமே எனக்குச் சொன்னவர்தான். வெளியாக்கள் ஆர் இந்த வானை வாங்குவினம்?"

அதைக் கேட்டதும் ரகு மீதிருந்த கோபம் எங்கோ போய்விட்டது.

வான் வந்த அன்று நல்லூர்க் கோயிலில் தேங்காய் உடைத்தோம். நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தவள் சுகந்திதான். குனிந்து, ஒவ்வொன்றாக, சரியான இடம் பார்த்து வைத்தாள். பிறகு எழும்பி நின்று, "இனிப் பயப்பிடாமல் எடுங்கோ," என்று சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டே எடுத்தேன், ஒன்றும் தெரியாத விசரன்.