தொலைக்காட்சியில் வராத பெயர்

அண்ணே,

நேற்று பாயான் பாரு பாசாரில் நெத்திலி வாங்கினேன். கடைக்காரச் சீன அம்மா அதைப் பழைய ஆங்கில நாளிதழ் ஒன்றில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நெத்திலியை முறத்தில் கொட்டிவிட்டுத் தாளைக் கசக்கப் போனவள், அதிலிருந்த முகங்களைப் பார்த்துக் கையை நிறுத்திவிட்டேன். எழுபதுகளில் நாம் வாரம் தவறாமல் பார்த்த அந்த ஆங்கிலப் போர் நகைச்சுவைத் தொடரின் நடிகர்கள். மேல் வரிசையில் அன்றைய படங்கள். சீருடையும் சிரிப்புமாக இருக்கிறார்கள். கீழ் வரிசையில் இன்றைய படங்கள். நரை, தடித்த கண்ணாடி, ஒருவர் கையில் ஊன்றுகோல். இரண்டு பேருக்குக் கீழ் வரிசையில் படமே இல்லை.

உப்பு வாடை அடிக்கும் அந்தத் தாளை மேசையில் விரித்துவைத்து, நாடகம் போட்ட நம் ஐந்து பேரையும் அதே போல அடுக்கிப் பார்த்தேன். மேல் வரிசை உடனே வந்துவிட்டது. அட்டையில் செய்த வாளோடு ஜப்பானிய அதிகாரியாக நீங்கள். ரேசன் கடைக்காரராகப் பரமசிவம் அண்ணன். அவருக்கு மனைவியாக நான். கடையில் வேலை செய்யும் பெண்ணாக சரோஜா. அதிகாரி பேசுவதை எல்லாம் தப்புத் தப்பாக மொழிபெயர்க்கும் கிராணியாகத் தனபாலன். கீழ் வரிசைக்கு வந்ததும் என்னால் நகர முடியவில்லை. உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது.

தொழிற்பேட்டையில் நம் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரி திறந்த புதிது. நான் லைனில் மைக்ரோஸ்கோப் பார்க்கும் பெண். நீங்கள் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. முதல் நாள் இரவு பார்த்த தொடரைப் பற்றி கேண்டீனில் ஆளுக்கு ஒன்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னீர்கள்: "வெள்ளக்காரன் அவன் போட்ட சண்டையச் சொல்லிச் சிரிக்கிறான். நம்மகிட்டயும்தான் ஒரு சண்ட இருக்கு. ஜப்பான்காரன் காலம். நாம ஏன் அத நாடகமாப் போடக் கூடாது?"

"அடி வாங்கின கதையில என்னண்ணே சிரிப்பு?" என்று தனபாலன் கேட்டார்.

"அடிச்சவனப் பாத்துச் சிரிக்கலாம்லா."

இரண்டே வாரத்தில் எழுதி முடித்தீர்கள். கடைக்காரர் மனைவி அரிசியைத் தலையணைக்குள் ஒளித்து வைப்பாள். சோதனைக்கு வரும் அதிகாரி அதே தலையணையில் சாய்ந்து, இவ்வளவு சுகமான தலையணையைப் பார்த்ததே இல்லை என்று தூங்கிவிடுவான். விழித்ததும் அதை முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பான். அவனைத் தடுக்க நாங்கள் படும் பாடுதான் மிச்சக் கதை. பேக்டரியின் தீபாவளி ஒன்றுகூடலில் போட்டோம். மலாய்க்காரப் பெண்களும் சீனப் பெண்களும்கூட, மொழி புரியாமலே, உங்கள் குறட்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ சொல்லி, யார் மூலமாகவோ, தொலைக்காட்சியின் தமிழ் நாடக நேரத்துக்கு அதை ஒளிப்பதிவு செய்யக் கூப்பிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம்தான் ஒத்திகைக்கு ஒரு புதுத் தாளோடு வந்தீர்கள். நாடகத்தின் கடைசிக்கு முன்னால் ஒரு சின்னக் காட்சி. அதிகாரி, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைப் போல எல்லோரையும் நிறுத்தி, சயாமில் ரயில் பாதை போடப் போகிறவர்களின் பெயரை வாசிப்பான். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேங்க" என்று குரல் வரும். கடைசிப் பெயர் முத்துக்கருப்பன். அதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான், அரை நிமிடம்.

"இது சிரிப்பு நாடகம்ணே," என்றாள் சரோஜா.

நீங்கள் தாளை மடித்துக்கொண்டே சொன்னீர்கள். உங்களுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து உங்கள் அப்பாவை சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. செத்தார் என்று சொல்ல ஒரு காகிதம்கூட வரவில்லை. அதனால் உங்கள் அம்மா அன்றுவரை பொட்டை எடுக்காமல் இருந்தார், அப்பாவுக்கென்று ஒரு திதியும் கொடுத்ததில்லை. நாடகம் டிவியில் வரப்போகிறது என்று நீங்கள் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்.

"'உங்கப்பா பேரு அதுல வருமா'ன்னு கேட்டாங்க. வரும்னு சொல்லிட்டேன். இந்த சீன் இல்லன்னா எனக்கு நாடகமே வேணாம்."

இத்தனை நாள் பழகியும் உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னது அப்போதுதான். அந்தக் காட்சியையும் சேர்த்தே ஒத்திகை பார்த்தோம். அப்பா போன வழியைப் பற்றி நினைத்துக்கொண்டே, பிடித்துக்கொண்டு போனவன் வேஷத்தை எப்படிப் போட்டீர்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். உங்களிடம் கேட்டதில்லை.

ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, ஒரு நாள் பயணமாகக் கோலாலம்பூர் போனோம். ஒளிப்பதிவு நன்றாகவே நடந்தது. முடிந்ததும் நீங்கள் கீழே இருந்த கேண்டீனுக்குச் சாப்பிட இறங்கிவிட்டீர்கள். என் கைப்பை உள்ளேயே இருந்ததால் நான் திரும்பிப் போனேன். அங்கே தயாரிப்பாளருக்கு உதவியாக இருந்த பெண் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அந்தப் பேர் வாசிக்கிற காட்சிய வெட்டிடப் போறோம்மா. நேரமும் பத்தல, சிரிப்போட ஒட்டவும் இல்ல. உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. பேசணும்னா அஞ்சு மணி வரைக்கும் தயாரிப்பாளர் இங்கதான் இருப்பாரு."

நான் சரி என்று சொன்னேன். படியிறங்கும்போது மணி மூன்றரை. சொன்னால் நீங்கள் நாடகத்தையே போட வேண்டாம் என்று நிறுத்திவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, அண்ணே. லைனில் இருந்த அத்தனை பேரிடமும் டிவியில் வரப்போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த வீட்டாருக்கும் சொல்லியனுப்பியிருந்தோம். சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஈப்போ தாண்டும்போது நீங்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அதையே ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன்.

நாடகம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பானது. கெலுகோரில் உங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். உங்கள் அம்மா தலை குளித்து, பொட்டு வைத்து, டிவிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இடம் இருந்தும் நான் கதவோரமாக நின்றுகொண்டேன். தலையணைக் காட்சிக்கு அவர்கூடச் சிரித்தார். பிறகு கடைசிக் காட்சி வந்தது, நடித்தவர்களின் பெயர்கள் ஓடின, செய்தி தொடங்கிவிட்டது.

"ஏம்ப்பா, அப்பா பேரு வருமின்னியே?"

நீங்கள் எங்கள் நான்கு பேரையும் ஒரு முறை பார்த்தீர்கள். எழுந்து போய் டிவியை அணைத்தீர்கள். அணைத்த டிவியின் முன்னால் நிமிர்ந்து நின்று, அதிகாரியின் குரலில், கையில் தாள் இல்லாமலே பெயர்களை வாசிக்கத் தொடங்கினீர்கள். பழக்கத்தில் பரமசிவம் அண்ணன் "இருக்கேங்க" என்றார். அடுத்த பெயருக்குத் தனபாலன். அதற்கடுத்து சரோஜா. நான்காவது பெயருக்கு நான், கதவோரத்திலிருந்தே. கடைசியாக நீங்கள், "முத்துக்கருப்பன்," என்றீர்கள்.

ஒத்திகையில் செய்ததைப் போல நாங்கள் பேசாமல் இருந்தோம்.

உங்கள் அம்மா நாற்காலியில் இருந்தபடியே, தோட்டத்துப் பெரட்டில் கிராணிக்குப் பதில் சொல்கிற பணிவோடு, "அவரு வரலீங்க," என்றார்.

அதிகாரியின் குரல் உங்களிடமிருந்து போய்விட்டது. "சரிம்மா," என்றீர்கள். அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு முதல் முறையாகக் கடற்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தீர்கள். அம்மாதான் கொடுக்கச் சொன்னாராம். பொட்டை மட்டும் அவர் கடைசிவரை எடுக்கவில்லை.

காட்சியை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டு நீங்கள் கடிதம் போட்டதும், பதில் வந்ததும் எங்களுக்குத் தெரியும். "நேரம் பத்தலயாம்," என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நாடகம் எதுவும் எழுதவில்லை. எனக்குக் கல்யாணமானது. சரோஜா ஜொகூருக்குப் போனாள். பரமசிவம் அண்ணன் வேலையை விட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்டத் தொடங்கினார். நீங்களும் நானும் ஒரே பேக்டரியில் தினமும் பார்த்துக்கொண்டோம். நான் சொல்லவில்லை. வருடம் ஏற ஏற, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தனபாலன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போனார். சாவு வீட்டில் பார்த்தேன். நீங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிவிட்டீர்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் வேலை முடிந்து தே தாரிக் குடிக்கும்போது கேட்டேன்.

"ஏண்ணே உள்ள வரல?"

நீங்கள் கோப்பையைத் தள்ளி வைத்தீர்கள். "அந்தக் கடுதாசில ஒண்ணு எழுதியிருந்தாங்க, புஷ்பா. காட்சிய வெட்டப்போறத உங்க குழுவில ஒருத்தர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டோம்னு. யாருன்னு போடல."

"நீங்க யார்கிட்டயும் கேக்கலயே."

"கேட்டா அப்புறம் அஞ்சு பேரும் ஒண்ணா உக்கார முடியாதுன்னு விட்டுட்டேன். ஆனா மனசு விடல. அன்னிக்கு கேண்டீனுக்குக் கடைசியா வந்தது தனபாலன். டிவி டிவின்னு அலைஞ்சதும் அவன்தான். அவன்தான்னு முடிவு பண்ணிட்டேன். அவன் மக கல்யாணத்துக்குக்கூட நான் போகல."

தனபாலன் அன்று பின்தங்கியது வேஷத்தைக் கலைக்க. அது எனக்குத் தெரியும். நான் பையை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அது நான்ணே," என்றேன். "என்கிட்டதான் சொன்னாங்க."

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அப்ப தனபாலன் இல்ல," என்றீர்கள்.

"இல்லண்ணே."

"நீ சொல்லியிருக்கணும், புஷ்பா. நான் நாடகத்த நிறுத்தியிருப்பேன். நீ அழுதிருப்ப. ஒரு மாசம், ரெண்டு மாசம். அவ்ளோதான்."

அடுத்த நாளே தனபாலன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவியிடம் நீங்கள் கைகூப்பி, ஒரு தப்பான நினைப்பில் இத்தனை வருடம் ஒதுங்கியிருந்துவிட்டேன் என்று சொன்னீர்கள். என் பெயரை நீங்கள் எடுக்கவில்லை. நானே சொன்னேன். அந்த அக்கா அழவில்லை. "அண்ணன் ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்லன்னு அவரு அடிக்கடி கேப்பாரு," என்றார். "எனக்குப் பதில் தெரியாது. இப்பத் தெரிஞ்சிருச்சு. அவருகிட்ட போயிச் சொல்ல முடியாதுலா."

அடுத்த வாரமும் வழக்கம் போல தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டீர்கள். அதன் பிறகு அந்த அக்கா வீட்டுக்கு நாம் இருவரும் மாதத்தில் ஒரு முறையாவது போய் வந்தோம். நான் இப்போதும் போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உங்கள் மகன் என்னை வெளியே கூப்பிட்டு, டாக்டர் சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். மூன்று வாரம்தான் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் சரி என்று சொல்லவில்லை; உள்ளே வந்து உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்கறாங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"உன்னக் கேட்டா சொல்லுவன்னு தெரியும்," என்றீர்கள். மறுநாள் பரமசிவம் அண்ணனை வரச் சொன்னீர்கள். சரோஜாவை ஜொகூரிலிருந்து போனில் பிடித்துப் பேசினீர்கள். தனபாலன் மனைவி வந்து அரை மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உங்கள் மனைவியிடமும் ஏதோ நீண்ட நேரம் பேசினீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மூன்று வாரத்தை நீங்கள் உங்கள் விருப்பப்படி செலவழித்தீர்கள்.

உங்கள் மகன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் கோபம் நியாயம்தான். ஆனால் அது எனக்குக் கனமாக இல்லை, அண்ணே. அதைத் தூக்கிக்கொண்டு என்னால் நடக்க முடிகிறது.

தனபாலன்தான் கனக்கிறார்.

உங்கள்,
புஷ்பா