துவைக்கிற கல்லுக்குக் கீழே

காரைக்கால்
4.7.2025, வெள்ளி

அன்புள்ள நித்யாவுக்கு,

டப்ளினில் மழை விட்டதோ இல்லையோ, நீ நனையாமல் வேலைக்குப் போய், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நலம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக இன்டக்‌ஷன் அடுப்பை அடுக்களையிலிருந்து தூக்கி வந்து, கூடத்தில் உன் பழைய படிப்பு மேஜைமேல் வைத்துப் பால் காய்ச்சினேன். அப்பா பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து எனக்கு அந்த அடுக்களைக்குள் நின்று சமைக்கக் கால் வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரில் போடச் சொல்லி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால் கடிதமாக எழுதி, எங்கள் பள்ளிக்கூடத்து வினோதா டீச்சரின் மகள் கையில் வடகத்தோடு கொடுத்து அனுப்புகிறேன். அவள் ஞாயிறு மதியம் இங்கிருந்து கிளம்புகிறாள். பொறுமையாகப் படி.

வீடு விற்கிற கதை உனக்கு ஓரளவு தெரியும். பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, ஆறு மாதத்துக்குள் விடாமல் பயிற்சி கொடுத்தால்தான் இடது கை திரும்பும், அதுவும் புதுச்சேரியிலேயே தங்கிப் பார்த்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். வில்லியனூரில் கார்த்திகேசன் மாமா வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் மைத்துனன் வீட்டில் போய் உட்கார மாட்டேன், வீட்டை விற்றுவிட்டு நம் காலில் போவோம் என்று அப்பா ஒரே பிடிவாதம். மார்ச்சிலிருந்து நாலு மாதம் ஓடிவிட்டது, இன்னும் இங்கேதான் இருக்கிறோம். காரைக்காலில் காலி மனைக்கே ஆள் வருவதில்லை, இதில் நம் வீடு வேறு. தெற்குப் பார்த்த வாசல், வெளியே குளியலறை, எண்பதுகளில் போட்ட மொசைக் தரை, கார் நுழையாத சந்து. தரகர் உத்திராபதி முதல் நாளே சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, இது வூடு இல்ல, மியூசியம். விக்கிறதவிட டிக்கெட்டு போட்டா நாலு காசு பாக்கலாம்" என்றார். வந்தவர்களும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் குளியலறையைப் பார்த்துவிட்டு, "மழ பேஞ்சா குளிக்கவே வேணாம் போலருக்கே" என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நம் வீட்டுக்கு இருந்த ஒரே பெருமை, முன்னால் குறுகிப் பின்னால் அகலமாக இருக்கிற கோமுக மனை என்பதுதான். உத்திராபதி எல்லோரிடமும் அதைத்தான் முதலில் சொல்வார், பசுவின் முகம் மாதிரி மனை, குடியிருக்கிறவர்களுக்கு விருத்தி என்று. போன மாதம் விழிதியூரிலிருந்து தமிழ்ச்செல்வன் என்று ஒருவர் வந்தார், கூட்டுறவு வங்கியில் வேலை, அமைதியான மனிதர். கோமுகம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவர் மனைவி நம் அடுக்களைக்குள் போய், கிழக்கு ஜன்னலில் வெயில் விழுகிற அடுப்பு மேடையில் கை வைத்து நின்று, "மத்ததெல்லாம் இடிச்சாலும் இத மட்டும் நான் இடிக்க வுடமாட்டேங்க" என்றாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது. வருகிற புதன்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வருகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் யாரும் பத்திரம் போட வர மாட்டார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உத்திராபதி பறக்கிறார். புதன்கிழமை வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமென்று சொல்லி, கொல்லையில் கிடந்த துவைக்கிற கல்லைப் பார்த்து, "வாஷிங் மெஷின் காலத்துல இது எதுக்கும்மா? பாத்தாலே வூட்டு வயசு தெரியுது" என்று போன வாரம் இரண்டு ஆள் வைத்துப் புரட்டித் தள்ளிவிட்டார். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து துவைத்த கல். உன் பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் அதில் அடித்ததுதான்.

இதற்கிடையில் சொர்ணாம்பாள் அத்தை வரிச்சிக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். பேச்சு ஆரம்பித்த வீடு கடைசி நேரத்தில் தட்டிப்போகாமல் இருக்க, வீட்டின் வடகிழக்கு மூலையில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து சிவன் கோயிலில் வைத்து வணங்கிக் கொண்டுவர வேண்டுமாம். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் உன் அப்பா கையை நினைத்தால் எதையும் செய்துவிடத் தோன்றுகிறது. நேற்று காலை குளித்துவிட்டுக் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அப்பா பின்கட்டு வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதிலோரம் மூலையில் முருங்கை வேர் ஓடிக் கெட்டியாக இருந்தது. துவைக்கிற கல் கிடந்த இடம் அங்கிருந்து நாலைந்து அடி இந்தப் பக்கம், மண் பொதபொதவென்று இருந்தது. மூலை என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறது என்று அங்கே கொத்தினேன். இரண்டாவது கொத்தில் கணீர் என்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒரு கருங்கல், தலையில் பெருக்கல் குறி மாதிரி வெட்டியிருந்தது. "ஏங்க, இங்க ஒரு கல்லு இருக்கு, குறியெல்லாம் போட்டிருக்கு" என்றேன். அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை, என்ன கல் என்றும் கேட்கவில்லை. "மூடு உமா, மூடிடு. மண்ண வேற எங்கயாச்சும் எடுத்துக்க" என்றார்.

நித்யா, எனக்கு அந்தக் கல்லைப் பார்த்துக்கூட அவ்வளவு அதிர்ச்சி வரவில்லை, அவர் கேட்காமல் இருந்தாரே, அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வாசல் கேட் தூணை ஒட்டி இதே மாதிரி குறி போட்ட ஒரு எல்லைக்கல் இருக்கிறது, நீ சின்ன வயதில் அதன்மேல் ஏறி நின்று சந்து முனையில் போகிற பஸ் பார்ப்பாய். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து, அந்தக் கல்லிலிருந்து அடுக்களைக்குள் நுழைத்து வெளியே எடுத்து இந்தக் கல்லுக்கு இழுத்துக் கட்டிப் பார்த்தேன். கயிறு மேற்கு மதிலுக்கு இணையாக நேராக வந்தது. இந்தப் பக்கத்து மதில்தான் கோணலாகக் கிழக்கே போனது. நம் மனை கோமுகமும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லோர் மனையும் மாதிரி நீளச் சதுரம்தான். பின்னால் அகலமாக இருக்கிற அந்த ஐந்தடி நம் பக்கத்து வீட்டுப் பஹீமா அக்காவின் மண். நம் அடுக்களையின் அடுப்பு மேடை, தொட்டி, வெயில் விழுகிற ஜன்னல், அத்தனையும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்துகிறேன், தினமும் துணி காயப்போடும்போது பார்க்கிற மதில் கோணலாகப் போகிறது என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்துச் சுற்றினேன்.

அப்புறம் அப்பா சொன்னார். வாய் இன்னும் கொஞ்சம் குழறுகிறது, அதனால் மெதுவாகத்தான் சொன்னார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பழைய சமையலறை ஜன்னல் இல்லாத இருட்டறை. விறகுப் புகையில் நான் இருமி இருமிக் கண் சிவந்து நிற்பதைப் பார்த்துத்தான் சிவநாதன் தாத்தா புது அடுக்களை கட்டினார். இதை நானே உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வந்த மருமகளுக்காக எந்த மாமனார் அடுக்களை கட்டுவார் என்று. பஹீமா அக்காவும் அவர் வீட்டுக்காரர் சஃபியுல்லா பாயும் அப்போது பாரீசில் இருந்தார்கள், வீடு பூட்டிக் கிடந்தது. நான் உன் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, இடம் போதவில்லை என்று தாத்தா இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த அவர்கள் சந்துக்குள் ஐந்தடி தள்ளிக் கட்டி, மதிலையும் தள்ளி எழுப்பிவிட்டு, எல்லைக்கல் கண்ணில் படாமல் இருக்கத் துவைக்கிற கல்லைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டுவிட்டார். "பூட்டிக் கெடந்த வூடுதானேன்னு அப்பா செஞ்சிட்டாரு. இப்ப இருபத்தி நாலு வருசம் ஆச்சு. பத்திரத்துல அளவா போட்டிருக்கு? மொத்தம் இத்தன குழின்னு பரப்பும் நாலு எல்லையுந்தான். யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் அப்பா. என்னிடம் யாரும் கேட்க மாட்டார்கள்தான்.

ஆனால் கேட்டிருக்கிறார்கள், நித்யா. அதுதான் நேற்றிலிருந்து என்னை விடவில்லை. அவர்கள் பாரீசிலிருந்து திரும்பி வந்த வாரம், சஃபியுல்லா பாய் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "இந்தச் சந்து இவ்ளோ ஒடுக்கமாவா இருந்திச்சு? நான் சைக்கிள உருட்டிக்கிட்டு பின்னாடி வரைக்கும் போவேனே" என்று காலால் அளந்து பார்த்தார். நான்தான் ஜன்னல் வழியாக, "பாரீசு ரோட்டையெல்லாம் பாத்துட்டு வந்த கண்ணுக்கு எங்க சந்து சின்னதாத்தான் தெரியும் பாய்" என்றேன். எல்லோரும் சிரித்தோம், பாயும் சிரித்தார். தாத்தா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு நான் அதை ஒரு நல்ல நகைச்சுவை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். பாய் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, அவர் மறைந்தே ஆறு வருஷம் ஆகிறது. அக்கா தன் படுக்கை அறையை ஒட்டி அந்தச் சந்தில் ஒரு குளியலறை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, கொத்தனாரை அழைத்துவந்து அளந்ததும் உனக்கு நினைவிருக்கும். "இங்க ஒரு வாளிதாம்மா வைக்கலாம், ஆளு நிக்க எடமில்ல" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதனால்தானே இத்தனை வருஷம் அவர்கள் குளிக்கக் கொல்லைக் கடைசிக்கு நடந்து போகிறார்கள். போன கார்த்திகை மழையில் அங்கே போகிற வழியில்தான் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குத்தான் எவ்ளோ செரமம் உமா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

நேற்று சாயங்காலமும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுக்களை ஜன்னலுக்கு வந்தார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், அதாவது அவர்கள் இடத்தில் நின்றுகொண்டு. "புதன்கிழமை முடிஞ்சிடுமாமே, தரகரு சொன்னாரு. நல்ல மனுசங்களா பாத்து குடுத்துட்டுப் போ உமா. எனக்கு ராத்திரி ஒரு சத்தம் குடுத்தா கேக்குற மாதிரி பக்கத்துல ஆளு வேணும்" என்றார்கள். அப்பா கை சரியாக வேண்டுமென்று துஆ செய்வதாகவும் சொன்னார்கள். நான் சரிக்கா என்று மட்டும் சொன்னேன். அவர்கள் போன பிறகு பார்த்தால் துருவியதில் பாதி கீழே கொட்டியிருந்தது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, மூடிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. நேற்று முழுக்கத் தோன்றியது. நாலு மாதத்தில் வந்த ஒரே ஆள். தட்டிப்போனால் ஆடி வந்துவிடும், அப்பா கைக்கு டாக்டர் சொன்ன கெடுவில் இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்ததற்கு நான் என்ன செய்வேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் தாத்தா கடைசிக் காலத்தில் இந்த வீட்டை அப்பா பேருக்கு எழுதாமல் என் பேருக்கு எழுதி வைத்தார், நான் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. தன் மகன் மூடித்தான் வைப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவரைக் கெட்டவர் என்று நினைக்க என்னால் முடியவில்லை, அவர் செய்த நல்லதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை. என்மேல் வைத்த அன்பை இன்னொருத்தர் மண்ணில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் அதில் இருபத்து நாலு வருஷம் சமைத்திருக்கிறேன், நீ அதில்தான் சாப்பிட்டு வளர்ந்தாய்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் பயந்து போயிருக்கிறார், கை வராமலேயே போய்விடுமோ என்று. அடுத்த முறை பேசும்போது இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, வழக்கம்போல ரப்பர் பந்தை எத்தனை தடவை அமுக்கினீர்கள் என்று மட்டும் கேள், நீ கேட்டால்தான் செய்கிறார். பொட்டலத்தில் வெங்காய வடகம் தனி, மோர்மிளகாய் தனி. ஈரக் கையால் எடுக்காதே, போன தடவை மாதிரி பூசணம் பிடித்துவிடும். இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, கூட வேலை பார்க்கிற பெண்களோடு சேர்ந்து வா. நீ எந்த ஊரில் இருந்தாலும் யாருக்கும் கடன்பட்ட மனசு இல்லாமல், நிம்மதியாகப் படுத்து எழுந்து நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

இனி எழுதுவது உன் அப்பாவுக்கோ அத்தைக்கோ உத்திராபதிக்கோ தெரியாது. கல்லை மண் போட்டு மூடிவிட்டதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மூடவில்லை, ஒரு சாக்கை விரித்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டியவள் நான், அடுக்களை நிற்கிற அந்த ஐந்தடியைச் சேர்த்து நான் எங்கேயும் கையெழுத்துப் போடப் போவதில்லை. தமிழ்ச்செல்வனுக்கு நானே போன் செய்து, மனை கோமுகம் இல்லை, உங்கள் மனைவிக்குப் பிடித்த அடுக்களையும் எங்களுடையது இல்லை, இருக்கிறது இவ்வளவுதான், வேண்டுமானால் வாருங்கள் என்று சொல்வேன். அவர் வராவிட்டால், அப்பா எவ்வளவு கத்தினாலும் அடுத்த வாரமே கார்த்திகேசன் மாமா வீட்டு மாடிக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவேன். அதற்கெல்லாம் முன்னால், நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சாக்கை எடுத்துவிட்டு, பஹீமா அக்காவைக் கைப்பிடித்து நம் கொல்லைக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்து, அந்தக் கல்லைக் காட்டப் போகிறேன்.

உன் அம்மா,
உமாமகேஸ்வரி