வயர் படாத பிஸ்கட் டின்

11-3-1988, வெள்ளி

கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த என் பொட்டுகளைக் காணோம். நேற்று வரிசையாக இருந்தன. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், பூனைகூடக் கிடையாது. "எங்க போச்சு?" என்று கேட்டால் இவர் காது கேளாதவர் மாதிரி சட்டைப் பொத்தானைப் போடுகிறார். நான் விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டர் டிஸ்கில் ஒட்டிவிட்டாராம்!

டிஸ்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதை மூடி ஒட்டிவிட்டால் மிஷின் அந்த டிஸ்கைப் படிக்கும், ஆனால் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அதற்கென்று கடையில் கொடுக்கும் கறுப்பு ஸ்டிக்கர் தீர்ந்துபோய்விட்டதாம். "உன் பொட்டு நல்லா கனமா இருக்கு லா. வெட்டு வழியா வெளிச்சமே போவல. அழகா மடிஞ்சு ஒட்டிக்குது," என்கிறார். என்ன பெருமை!

மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நிறுத்தி, "கோணலா இருக்கு," என்று விரலால் நகர்த்திவிட்டார். நான் எத்தனை நேராக வைத்தாலும் இந்த மனுஷனுக்குக் கோணல்தான்.

25-3-1988

இன்று ஆபீசில் ஆம்புரோஸ் சார் இவரைக் கிண்டல் செய்தார். "பத்துமலை, அந்த டின்ன ஏன்பா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற? பிஸ்கட் மிச்சம் இருக்கா?"

எங்கள் ஈப்போ சங்கத்தில் நான் டைப்பிஸ்ட். சார் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை, சிவப்பு ஐசியோடு அலைகிறவர்கள், குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப்போட உதவுகிறோம். யார் எந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தார், அப்போது கூட இருந்தவர்கள் யார், அவர்கள் இப்போது எங்கே என்று விசாரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. இவருக்கு ஜெலாப்பாங்கில் ஒரு கிலாங்கில், தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவில் உத்தியோகம். மாலையில் வந்து எங்கள் மிஷினைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார்.

வெள்ளிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுப்பார். ஒன்று ஆபீஸ் மேசைக்குள். இன்னொன்று பிஸ்கட் டின்னில், எங்கள் அலமாரியில், என் சேலைகளுக்கு நடுவில். சாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க கிலாங்ல மிஷின் எல்லாத்தையும் வயரால கோத்து வச்சிருக்காங்க சார். ஒன்னு கெட்டுச்சு, வரிசையா எல்லாம் போச்சு. ஒரு பிரதியாவது எந்த வயரும் படாம இருக்கணும்."

எனக்கு என் சேலை கசங்குகிறதே என்று இருந்தது.

17-4-1988, ஞாயிறு

சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்துக்குப் போனோம். ரப்பரை வெட்டிவிட்டு செம்பனை வைத்திருக்கிறார்கள். கருப்பம்மாள் இன்னும் அங்கேதான், மகள் வீட்டில். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்குப் பேறு பார்த்த மருத்துவச்சி. கண் மங்கிவிட்டது, ஞாபகம் மட்டும் வெட்டுக்கத்தி. ஒவ்வொரு பெயரையும் சொல்லச் சொல்ல, எந்த வீடு, என்ன மழை, யார் வெந்நீர் வைத்தது என்று அடுக்குகிறாள். கை வலிக்க எழுதினேன்.

இவருடைய அக்கா வீரம்மாவைப் பற்றியும் சொன்னாள். இவர் சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்ததால் தானாகவே நீல ஐசி கிடைத்துத் தப்பித்தவர். வீரம்மா அண்ணிக்கு நாற்பது வயது, இன்னும் சிவப்பு ஐசி. புருஷன் செத்து, வீடு கூட்டிப் பிழைக்கிறார். நிலையான வேலை எங்கே கேட்டாலும் ஐசியைப் பார்த்து முகம் மாறுகிறது. திரும்பி வரும்போது பைக்கில் இவர் பாடிக்கொண்டே வந்தார். "அக்காவுக்கு இந்தத் தடவ கெடச்சிரும் பாரு!"

22-4-1988

கருப்பம்மாள் சொன்னதெல்லாம் ஏற்றிவிட்டேன். இவர் பிரதி எடுத்து, பொட்டு ஒட்டி, டின்னை மூடிவிட்டார். மறுபடியும் என் பொட்டுப் பாக்கெட்தான்.

27-4-1988

நேற்று சாயங்காலம். சிலிபின் சாலை. மழை. இவர் பைக். லாரி.

எனக்கு எழுத வரவில்லை.

11-5-1988

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வீரம்மா அண்ணிதான் என் நெற்றியைத் துடைத்தார். பிறகு அறைக்குள் போய்க் கண்ணாடியில் இருந்த பொட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிய்த்தார். டிராயரில் இருந்த பாக்கெட்டும் போயிற்று. "இருந்தா பாத்துப் பாத்து அழுவ புள்ள," என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணாடி என்ன பாவம் செய்தது? கேட்டு என்ன?

8-7-1988

ஆபீசில் புதிதாக மூன்று மிஷின். யாரோ நன்கொடை. மூன்றையும் வயரால் இணைத்துவிட்டார்கள். இவர் வாங்கி வைத்த பழைய மிஷினைச் சாமான் அறையில் போட்டாயிற்று. "இனிமே ஒன்னுல இருக்கிறது மூனுலயும் இருக்கும் நவமணி, பயமே இல்ல," என்றார் சார். எழுதி வைத்திருந்த தாள்களையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார், கரையான் வருகிறதாம். இவர் இருந்திருந்தால் கத்தியிருப்பார்.

வெள்ளிக்கிழமைப் பிரதியை மேசைக்குள் மட்டும் வைக்கிறேன். அலமாரியில் இருக்கும் டின்னை என்னால் தொட முடியவில்லை. அவர் மூடினது, அப்படியே இருக்கட்டும்.

30-8-1988

கருப்பம்மாள் போய்விட்டாள். இனி கேட்க ஆளில்லை, நல்லவேளை எழுதி வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

13-10-1988

எல்லாம் போயிற்று.

காலையில் மிஷினைப் போட்டால் பெயர்கள் இருந்த இடத்தில் கோடும் புள்ளியுமாக ஏதோ. பக்கத்து மிஷினிலும் அதே. மூன்றாவதிலும் அதே. மேசைக்குள் இருந்த, ஸ்டிக்கர் ஒட்டாத டிஸ்கைப் பதறிப்போய்ப் போட்டேன், கண்ணெதிரே அதுவும் கெட்டது. புத்தி வேண்டாமா எனக்கு? அடுத்ததையும் போட்டேன்! அதுவும் போயிற்று.

கம்ப்யூட்டர் கடை லியோங் வந்து பார்த்துவிட்டு, வைரஸ் என்றார். யாரோ வெளி டிஸ்க் போட்டிருக்க வேண்டும் என்றார். ஆம்புரோஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் சீட்டு விளையாட, நண்பரிடமிருந்து ஒரு டிஸ்க் வாங்கி வந்தாராம். "நான்தான்மா... நான்தான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திட்டத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்து, தன் மனு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். அவர் பிறந்தபோது கூட இருந்தது யார் என்று கருப்பம்மாள் சொன்னாளே, யார் அது? மண்டையை உடைத்துக்கொண்டாலும் எனக்கு நினைவு வரவில்லை. "போய்ட்டு வாங்க அண்ணி, பாப்போம்," என்றேன்.

14-10-1988

டின்னை எடுத்துவிட்டேன்.

திறந்ததும் டிஸ்க் ஓரங்களில் என் பொட்டுகள். மெரூன் நிறம், வரிசையாக, ஒவ்வொன்றும் நேராக. ஒரு கோணல் இல்லை. வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று நினைத்திருந்தேனே, இத்தனை நாளும் என் சேலைக்குள்ளேயே இருந்திருக்கின்றன. டின்னை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

15-10-1988

லியோங் ஒரு மிஷினைச் சுத்தம் செய்துவிட்டேன் என்றார். நம்பி ஒரு டிஸ்கைக் கொடுத்தேன். போட்டதும் மிஷின் கரகரத்தது. இதில் எழுத முடியாது, தடுத்திருக்கிறது என்று திரையில் வந்தது. லியோங் முகம் வெளுத்துவிட்டது. அவர் எழுதச் சொல்லவே இல்லையே! வைரஸ் இன்னும் உள்ளே இருந்துகொண்டு, இந்த டிஸ்கிலும் ஏறப் பார்த்திருக்கிறது. சட்டென்று வெளியே இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சியாப்பா தம்பால் இனி?"

யார் ஒட்டியது என்று கேட்கிறார். "என் வீட்டுக்காரர்," என்றேன்.

"பண்டாய்," என்றார். கெட்டிக்காரர். அதை அவர் இருக்கும்போதே யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம்.

சாமான் அறையில் கிடந்த பழைய மிஷினைத் தூசி தட்டிப் போட்டோம். அதற்கு வயரே இல்லை. பெயர்கள் வந்தன. ஏப்ரல் இருபத்திரண்டோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு நான் ஏற்றியதெல்லாம் போனது போனதுதான், திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கருப்பம்மாள் சொன்னது மட்டும் முழுசாக இருக்கிறது. வீரம்மா பிறந்தபோது விளக்குப் பிடித்தது சன்னாசியின் மனைவி, வாசலில் நின்றது சன்னாசி, இப்போது தஞ்சோங் மாலிமில் மகனோடு.

6-11-1988

தஞ்சோங் மாலிம் போய் வந்தோம். மனைவி காலமாகிவிட்டார், சன்னாசி இருக்கிறார். அண்ணியைக் கண்டதும், "காமாச்சி மவளா? நீ பொறந்தப்ப மூனாம் நம்பர் லயத்துல விடிய விடிய நின்னேன் தாயி," என்றார். சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பஸ்ஸில் ஈப்போ வந்து இறங்கும்போது அண்ணி, "தம்பி இருக்கணும் புள்ள," என்றார்.

20-1-1989

மறுபடி வெள்ளிக்கிழமை வேலையை ஆரம்பித்துவிட்டேன். டின் வீட்டுக்கு வருகிறது. அவர் பொட்டு ஒட்டிய டிஸ்குகளைத் தொடுவதில்லை, புது டிஸ்கில் எடுக்கிறேன். வெட்டை மூட லியோங் கொடுத்த கறுப்பு ஸ்டிக்கர் நிற்க மாட்டேன் என்கிறது. ஆம்புரோஸ் சார் இப்போது கிண்டல் செய்வதில்லை, டின்னை அவரே வாசல்வரை தூக்கி வருகிறார்.

17-10-1989

அண்ணிக்கு நீல ஐசி வந்துவிட்டது. முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். அழுக்கே இல்லை.

22-10-1989, ஞாயிறு

அண்ணி பஜாருக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்கு வந்தார். மேசையில் ஒரு பாக்கெட் வைத்தார். ஒட்டுப் பொட்டு, மெரூன்.

"அந்தக் கறுப்புச் சீட்டு நிக்கலன்னு சொன்னியே. டிஸ்குக்கு வச்சுக்க."

"இவ்ளோ எதுக்கு அண்ணி? டிஸ்கு கொஞ்சந்தான் இருக்கு."

பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். "மிச்சத்த நீ வச்சுக்க. எம் புருஷன் போனப்ப எனக்கு யாரும் வாங்கிக் குடுக்கல."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

23-10-1989

டிஸ்குகளுக்கு ஒட்டி முடித்துவிட்டேன். மடித்து, விரலால் அழுத்தி, அவர் ஒட்டினது போலவே.

பிறகு ஒன்றை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று வைத்துக்கொண்டேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடி பார்த்தேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

கோணலாக இருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. அப்படியே போனேன்.